புளியங்கொட்டை அளவு

திரையின் ஓரத்தில் ஒரு நகம் சிவப்பாக ஒளிர்ந்தது. அறிவுச்செல்வி கையை இழுத்துக்கொண்டாள். ஒளியும் போனது.

அவளுடைய நகம்.

வெளியே திண்டுக்கல்லின் மதிய வெயிலில் பழனி ரோட்டுப் பேருந்துகள் ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டிருக்க, கறுப்புத் துணியால் ஜன்னலை மூடிய அந்த அறைக்குள் ஸ்பிரிட்டும் சூடான வயரும் கலந்த வாடை தேங்கி நின்றது, கேமராவின் விசிறி ஓயாமல் இரைந்தது. நாற்காலியில் தாடிக்கொம்புக் கொத்தனார் சூசைராஜ். இடது கன்னத்துக்குள் புற்றுநோய்.

மருந்தைப் பூசி மூன்று மணி நேரம் விட்டு நீல விளக்கைக் காட்டினால், புற்று மட்டும் சிவப்பாக ஒளிரும். பிறகு சிவப்பு விளக்கைப் பாய்ச்ச வேண்டும். ஒளி மங்க மங்க, புற்று சாகிறது. திரையின் கீழே ஒளியின் அளவு நூறிலிருந்து பூஜ்யம் வரை எண்ணாக இறங்கும்; அதைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

அவருடையது புளியங்கொட்டை அளவு. ஒரு பக்கம் கடித்தது போலப் பள்ளம்.

காலையில் கையுறை கிழிந்துவிட்டது. புதுப் பெட்டி மாடியில் இருந்தது. மருந்தை அவர் கன்னத்துக்குள் வெறும் விரலால் பூசிவிட்டாள். சோப்புப் போட்டுத்தான் கழுவினாள். பிறகு தயிர்சோறு சாப்பிட்டாள். அதே கையால்.

நல்ல தோலில் ஒளிராது. நல்ல தோலில் ஒளிரவே ஒளிராது.

"எம்புட்டு இருக்கு தாயி?" அளந்து பார்க்கச் சிவப்பு விளக்கை நிறுத்தியதும் சூசைராஜ் கேட்டார்.

"நூறுல இருந்து நாப்பதுக்கு எறங்கிருச்சுங்கய்யா."

"நான் வாயத் தெறந்தா எம்பொண்டாட்டி அடைச்சுருவா. நீங்க லைட்டு போட்டுப் பாக்குறீங்க."

அவள் சிரித்து வைத்தாள். நீல வெளிச்சத்தில் மறுபடி கையை நீட்டினாள். நகம் இருட்டு. மணிக்கட்டு ஒளிர்ந்தது.

இருபது. பத்து. பூஜ்யம்.

"முடிஞ்சுருச்சுங்கய்யா."

"வலியே இல்ல தாயி." சூசைராஜ் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "யாரோ எடுத்துட்டுப் போனாப்புல இருக்கு. வாரேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கேமரா முன்னால் கையை நீட்டினாள். மணிக்கட்டில் இல்லை. முழங்கையில் இல்லை. கழுத்தில் இல்லை. மூச்சு விட்டாள்.

வாயில் தயிரின் புளிப்பு. இடது பக்கம் மட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய சூடு இன்னும் இருந்தது. கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்தாள்.

புளியங்கொட்டை அளவு. ஒரு பக்கம் பள்ளம். கீழே எண்: நூறு.

வாயை மூடினாள்.

திரையில் சிவப்பு மறையவில்லை.

நூற்றொன்று.