இரத்தம் கொடுத்தவருக்கு ஓர் இலை

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த மூன்றாம் வருடம். ஒரு காலையில் என் மனைவி கமலாம்பிகையை ரிக்‌ஷாவில் ஏற்றி, நான் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸராக வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். பிரசவமாகி நாலாம் நாள். குழந்தை தங்கவில்லை. வயிற்றுக்குள் சீழ் பிடித்து நாறியது. ஏழு வருடம் அடுத்தவர் புண்ணைத் துடைத்த எனக்கே குமட்டியது. கட்டியவளைக் கண்டு குமட்டுகிறதே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

நாடி நூலாக இழைந்தது. கை கால் ஜில்லிட்டுக் கிடந்தன. விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது, மருந்தும் மிச்சமில்லை, உப்பு நீர் மட்டும் போதாது, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். என் இரத்தம் அவளுக்குச் சேரவில்லை. மரவள்ளிக் கிழங்கு தின்று வெளுத்துப்போன வார்டில் வேறு யாரிடம் கேட்பது?

அந்த நேரம் துறைமுகத்திலிருந்து லாரியில் ஒரு கூலியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் பிடரியில் அடித்திருந்தான். இறக்கும்போதே உயிர் இல்லை.

உடம்பு மட்டும் சூடாக இருந்தது.

திடீரென்று செத்தவனின் இரத்தம் சில மணி நேரம் கெடாது, அயல்நாட்டில் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். ஆபத்துக்குப் பாவமில்லை. பிணவறைக் கதவைச் சாத்தினேன். ஒரு சொட்டை, என் இரத்தத்தைச் சோதித்தபோது மீந்த அவள் இரத்த நீரோடு கண்ணாடியில் கலந்து பார்த்தேன், திரளவில்லை, சேரும். பலகையைத் தலைப்பக்கம் சரித்து, கழுத்து நரம்பைக் கீறி, பால் போத்தலில் பிடித்தேன். துணியில் வடிகட்டியபோது ஈரல் துண்டு போலக் கட்டிகள் தங்கின. விரலால் வழித்து எறிந்தேன். நெஞ்சை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் வந்தது. அழுத்தினேன்.

சீ.

டாக்டர் போத்தலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஊசியை எடுத்து அவள் முழங்கை மடிப்பில் ஏற்றினார். மத்தியானத்துக்குள் அவள் உதட்டில் சிவப்பு வந்தது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள்.

ஈக்களும் வந்தன.

ஊசி குத்திய காயம் என்றோ ஆறியிருந்தது. ஆனாலும் அந்த முழங்கை மடிப்பில்தான் கறுப்பாக மொய்த்தன. அவள் விரட்டவே இல்லை. அந்தக் கையால் பரிமாறிய எதையும் என்னால் விழுங்க முடியவில்லை. பிழைக்க வைத்ததும் நான், தொட அருவருத்ததும் நான்.

இரத்தம் கொடுத்தவர் யார் என்று கேட்டாள். பாகான் டாலாம் பக்கத்தில் இருக்கும் தம்பு என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசனுக்கு ஒருநாள் இலை போடோணும்," என்றாள்.

அவர் சயாமுக்குப் போய்விட்டார் என்று தட்டிக்கழித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் மணை போட்டு, வாழை இலை விரித்து, எதிரே அவள் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு பிசைந்த தடம். அவள் கையில் ஓர் ஈகூட இல்லை.

எல்லாம் மணைக்கு மேலே இருந்தன. ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு.

"வந்திட்டார்," என்று கிசுகிசுத்தாள். "பேர் தம்பு இல்லையாம். நீங்கள் பேரே கேக்கேல்லையாம்."

நான் இலையைப் பார்த்தேன்.

சாவு வீட்டில் சாப்பிட்டால் இலையை எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்போம். உறவு விட்டுப்போகக் கூடாத வீட்டில் நம் பக்கமாக மடிப்போம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையின் மேல்பாதி மெல்ல எழுந்து, மணைப் பக்கமாக மடிந்தது.