பஞ்சு கக்கிய ரேஸ் கார்

முதலில் சத்தம்தான் வந்தது. நூறு மிக்ஸி ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி. வேல்விழி திரும்பிப் பார்ப்பதற்குள் அது கடந்து போயிருந்தது... அவள் மேல் முழுக்கப் பஞ்சு!

தலையில், புருவத்தில், திறந்த வாயில். அதைவிட மோசம், தையலைப் பார்க்கலாமென்று பஸ் ஸ்டாப்பில் கவரிலிருந்து எடுத்திருந்த வெள்ளை டி-ஷர்ட்டில். இன்றைக்கே கூரியரில் போகவேண்டிய சாம்பிள். டிகிரி முடித்து அவள் தனியாகக் கையாளும் முதல் ஆர்டர்.

"டேய்... நில்லுடா!"

நின்றது. கார் என்று சொல்ல மனசு வரவில்லை. இடுப்பு உயரம்கூட இல்லை. சுற்றிலும் தரையைத் தடவும் ரப்பர் பாவாடை. பின்னால் ஒரு ராட்சத ஃபேன். உள்ளேயிருந்து ஒருவன் பதறி எழுந்து கண்ணாடியைக் கழற்றினான். கண்கள்... சே, இந்த வேலை பார்க்கிறவனுக்கு ஏன் இப்படிக் குழந்தைக் கண்கள்?

"ஏனுங்க, அடி ஏதும் பட்டுருச்சுங்களா?"

"என்னய்யா இது... வண்டியா, வாந்தியா?"

"ஃபேன் காருங்க!" அவன் முகம் மலர்ந்தது. திட்டு வாங்குகிறவன் முகமா அது? "அடியில இருக்கற காத்தை உறிஞ்சிப் பின்னாடி தள்ளும். வண்டி ரோட்டோட ஒட்டிக்கும். எழுபத்தெட்டுல ஸ்வீடன்ல இப்படி ஒரு ரேஸ் கார் ஓடுச்சுங்க. ஒரே ரேஸ்... ஜெயிச்சுது. அதோட நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

கேட்டிருக்கவே கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"மத்த டீமெல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. இன்ஜினைக் குளிர வைக்கத்தான் ஃபேனுன்னு சமாளிச்சாங்களாம். பின்னாடி வர்றவங்க மேல கல்லை வாரி அடிக்குதுன்னு புகார் வேற."

"எனக்குக் கல்லு வரல. நான் கொடுத்து வச்சவ!"

"இது திருப்பூருங்களே... ரோடு பூரா பனியன் வேஸ்ட்டு. அதை யோசிக்காம உட்டுட்டனுங்க."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"அந்தத் துணியைக் குடுங்க. இது த்ரெட் சக்கிங் மெஷின்ல கழட்டுன மோட்டாருதான்."

பனியனைப் பெட்டியில் போடும் முன் ஒட்டிய நூலையெல்லாம் உறிஞ்சும் மெஷின். அதைக் கழற்றியா ரேஸ் கார்? அவள் நீட்டிய டி-ஷர்ட்டை, ரப்பர் பாவாடையைத் தூக்கி அடியில் காட்டினான். பஞ்சு போன இடம் தெரியவில்லை. அப்போது பார்த்து மழை... அவன் சட்டையைக் கழற்றிச் சாம்பிள் கவரைச் சுற்றினான். அவளுக்கும் இல்லை, தனக்கும் இல்லை. அவள் வேலைக்குக் குடை பிடித்தான்! அந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள்.

"பேரு தரணிங்க. கம்பெனியில மெஷின் பாக்கறேன்."

மெக்கானிக் என்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் தினமும் பேக்கரி டீ. ஆறு சக்கர ரேஸ் கார், முன்னால் ப்ரொப்பெல்லர் வைத்த கார் என்று அவன் கதை அளப்பான். "இதையெல்லாம் செஞ்சவனுக்குப் பொண்ணு குடுத்தாங்களா?" என்பாள் இவள்.

ஆயுத பூஜையன்று அப்பா சீனிச்சாமி வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் போனாள். அவருக்கு அங்கே டெய்லர் வேலை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று துள்ளி எழுந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, குனிந்து கும்பிட்டார்.

"வாங்க சின்ன மொதலாளி."

முதலாளி அப்புசாமிக்குப் பக்கத்தில்... தரணி! அப்பா குனிந்ததைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தான்.

வேல்விழி அவன் பின்னாலேயே ஓடினாள்.

வாசலில் மறித்துக்கொண்டாள். "மெஷின் பாக்கறேன்னீங்க?"

"பாக்கறனுங்களே..."

"இன்ஜினைக் குளிர வைக்கத்தான் ஃபேனு. அப்படித்தானே? எங்கப்பா குனியற எடத்துல நான் நிமிந்து உக்கார முடியாது. போங்க!"

போனை எடுக்கவில்லை. பேக்கரிப் பக்கமே போகவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் மழை பெய்தால் மட்டும்... சரி, விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் அவர்கள் வாசலில் தரணி நின்றான். சீனிச்சாமி பதறி எழுந்து, வீட்டின் ஒரே நாற்காலியைத் துண்டால் துடைத்தார்.

"நீங்க உக்காருங்க," என்றான். அவரையே அதில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றான்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள். "எங்கப்பா வேலைக்கு உலை வைக்கவா?"

"எங்கப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டனுங்க. அந்தப் பொண்ணு இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாதுன்னாரு. நான் எறங்கிட்டேன். சேவூர்ல ஒரு ஒர்க் ஷாப்ல இருக்கேன். ஆனா அதைச் சொல்ல வரல." சீனிச்சாமி பக்கம் திரும்பினான். கை கூப்பினான். "அன்னிக்கு நீங்க குனிஞ்சப்ப பேசாம போனேன். தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

அப்பாவைப் பார்த்து யாரும் கை கூப்பி அவள் பார்த்ததே இல்லை. 

"வர்றேனுங்க." அவன் திரும்பினான்.

"நில்லுங்க!" லைன் முழுக்கக் கேட்டிருக்கும்.

"திட்டப் போறீங்களா?"

"ஆமா. அது அப்புறம்..." ஒரு அடி முன்னால் வந்தாள். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப..."

சொல்லிவிட்டுத் தானே அதிர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எதிரிலேயா? பக்கத்து வீட்டு ஒச்சாயியக்கா கையில் குடத்தோடு அப்படியே நின்றாள்.

சீனிச்சாமி மகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"உள்ள வாங்க தம்பி," என்றார்... நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.