நாக்கை நீட்டு

நிலாவில் வளர்பிறை நகர்ப் பள்ளிக்கூடத்தில் யார் மைக்கில் பேசுவதானாலும் முதலில் நாக்கை நீட்ட வேண்டும். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற குழந்தையானாலும் சரி, விடுமுறை அறிவிக்கிற தலைமையாசிரியரானாலும் சரி. ஆரஞ்சு நிற வைட்டமின் சி வில்லை ஒன்றைச் சப்பித் தின்றுவிட்டு, நீட்டிய நாக்கில் அச்சமானி என்னும் குச்சியை வைத்துக்கொள்வார்கள். பச்சை எரிந்தால் பயமில்லை, மைக் திறக்கும். சிவப்பு எரிந்தால் பயம், இன்னொரு வில்லை.

இந்த வழக்கம் வந்ததே ஒரு கூத்து. முப்பது வருஷத்துக்கு முன்னால் பேச்சுப் போட்டியில் ஒரு மாணவன் 'நடுவர் அவர்களே' என்று தொடங்கி, நிமிர்ந்து நடுவரைப் பார்த்து, மயங்கி விழுந்தான். பூமியாக இருந்தால் பொத்தென்று விழுந்து விஷயம் முடிந்திருக்கும். நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அவன் ஆடி அசைந்து தரைக்கு வந்து சேர்வதற்குள் ஊரே பார்த்துவிட்டது. அவன் ரத்தத்தில் வைட்டமின் சி குறைவு என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், பேசப் பயமா, வில்லை போடு என்று ஊர் முழுக்கச் சட்டமே வந்துவிட்டது. ஒருத்தராவது அவனிடம் போய் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பு இசக்கிக்கும் அந்தச் சட்டத்துக்கும் சண்டை வந்தது ஊர்ச்சபையில். ஆண்டுக்கொரு முறை, குலுக்கலில் பெயர் விழுந்த மாணவர் ஒருவர் சபை முன் மூன்று நிமிடம் பேசலாம். அவர் எதைக் கேட்டாலும் சபை வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். இசக்கிக்குக் கேட்க ஒன்று இருந்தது. அவள் அம்மா வேலை பார்க்கும் கண்ணாடிக் கூடத்தில் பதினொரு எலுமிச்சை மரங்கள் நின்றன. அந்த ஊரில் மரம் என்று இருந்ததே அவைதான். தண்ணீர் அதிகம் குடிக்கின்றன, வைட்டமினுக்குத்தான் வில்லை இருக்கிறதே, வெட்டிவிட்டு அங்கே இரண்டாவது வில்லை இயந்திரத்தை வைக்கலாம் என்று சபை முடிவெடுத்திருந்தது.

கூட்டத்தன்று டெய்சி மிஸ் வில்லையோடு வந்தார்.

"போட்டுக்கோம்மா. பயம் போயிடும்."

"வேண்டாம் மிஸ்."

"ஏன், பயமா இல்லையா?"

"இருக்கு மிஸ். ஆனா நான் மரத்தை வெட்டாதீங்கன்னு பேசப்போறேன். அந்த மரத்துக்கு எமனா வந்த மாத்திரையை வாயில போட்டுக்கிட்டா பேசறது? எனக்கு வெக்கமா இருக்காதா?"

"மைக் திறக்காதும்மா!"

"திறக்கலன்னா பாத்துக்கலாம்."

மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மேடையில் குச்சி சிவப்பாக எரிந்தது. சபைத் தலைவர் குணசீலன் கடிகாரத்தைப் பார்த்தார். "பாப்பா, வீம்பு பண்ணாதே. மாத்திரையைப் போடு, இல்லன்னா கீழே இறங்கு."

நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கி பைக்குள் கைவிட்டாள். சபைக்குக் காட்டுவதற்காக அம்மா பறித்துக் கொடுத்த எலுமிச்சம்பழம் ஒன்று பையில் இருந்தது. எடுத்தாள். வந்த ஆத்திரத்தில் தோலோடு நறுக்கென்று கடித்தாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ள, சபை சிரித்தது. டெய்சி மிஸ் என்ன நினைத்தாரோ, குச்சியை மறுபடியும் அவள் நாக்கில் வைத்தார்.

பச்சை! மைக் திறந்துகொண்டது.

"அவைத் தலைவர் அவர்களே..." மனப்பாடம் செய்த மீதியெல்லாம் மறந்துபோயிற்று. முழங்கால் நடுங்கிய நடுக்கத்தில், ஈர்ப்பு குறைந்த அந்த ஊரில், அவள் விரற்கடை உயரம் எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் பச்சை விளக்கின் மேலேயே இருந்தது.

"விளக்கைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க!" என்று கத்தினாள் இசக்கி. "நான் மாத்திரை போடல. பழத்தைக் கடிச்சேன். இப்பவும் பயத்துல உயிர் போகுது, என் காலைப் பாருங்க. அப்புறம் எப்படிப் பச்சை எரியுது? இந்தக் குச்சிக்குப் பயமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. வாயில வைட்டமின் இருக்கான்னுதான் பாக்குது. இதை நம்பித்தானே மரத்தை வெட்டப்போறீங்க? முதல்ல என்னை வெட்டிட்டு அப்புறம் அதை வெட்டுங்க!"

குணசீலன் அச்சமானியின் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார். முப்பது வருஷமாக உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: 'உமிழ்நீரில் வைட்டமின் சி அளவைக் காட்டும் கருவி.' பயம் என்ற சொல்லே அந்தப் புத்தகத்தில் இல்லை.

வாக்கெடுப்பில் மரங்கள் பிழைத்தன. பின்வரிசையில் அம்மா வாய்விட்டு அழுதாள். மேடையிலிருந்து இறங்கி ஓடிப்போய் இசக்கியும் அழுதாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மனிதர்களைப் பற்றி நானும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. 'எலுமிச்சம்பழத்தைக் கடித்து மாணவி இசக்கி துணிச்சலுடன் பேசியதை ஊரே கண்டது. எனவே இன்றுமுதல் மேடையேறும் அனைவரும் எலுமிச்சைத் துண்டு ஒன்றைத் தோலுடன் கடித்து, அச்சமானியில் பச்சை காட்டிய பின்னரே பேச வேண்டும். இது இசக்கி முறை என வழங்கப்படும்.' இருந்த ஒரு வில்லை இயந்திரத்தையும் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நாற்பது கன்று நட்டார்கள். துண்டு வாங்கப் பெற்றோர்கள் காலையிலேயே வரிசையில் நின்றார்கள்.

அன்றைக்குக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை இசக்கிக்கு. டெய்சி மிஸ் ஒரு கையில் எலுமிச்சைத் துண்டும் இன்னொரு கையில் குச்சியுமாக நின்றார்.

"கடிம்மா. இசக்கி முறை."

"மிஸ், நான்தான் இசக்கி."

"அதான் சொல்றேன், நீயே மீறலாமா?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு மிஸ். பயத்தோடயே வாசிச்சிடறேன். மைக்கும் வேண்டாம், கத்திக்கறேன்."

"அதெல்லாம் சட்டத்துல இல்ல. நாக்கை நீட்டு!"

முன்னால் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாள் இசக்கி. குச்சிக்கு எட்டாத தூரத்துக்கு இரண்டடி பின்னால் போனாள். பிறகு, கண்ணை உருட்டிக்கொண்டு, பள்ளிக்கூடமே பார்க்கும்படி நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள்.