ஐம்பத்தைந்து அங்குலப் பிணம்

பிணம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தைந்து அங்குலம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகம் மட்டும் கன்னங்கரேல் என்று... ஆனால் குரல் வந்தது. யாரோ ஒருத்தி வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கொலை" என்றார் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர்.

"டிவிங்க" என்றாள் மனைவி.

"யாரும் கிட்ட வராதீங்க. கடைசியா இதைத் தொட்டது யாரு?"

தொட்டவள் வாசற்கதவை ஒட்டி நின்றாள். அந்தக் குடியிருப்பில் மூன்று வீடுகளைப் பெருக்கித் துடைப்பவள்.

"நேத்து தூசி தட்டினேன்யா."

"ஈரத் துணியால."

"காஞ்ச துணிங்கய்யா."

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்மா. என்கிட்டயேவா?"

விசாரணை நான்கு நிமிடத்தில் முடிந்தது. குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எல்லாம் அவரே. நாளையிலிருந்து வேலை கிடையாது. மனைவியை நம்பர் போடச் சொல்லி, மற்ற இரண்டு வீடுகளுக்கும் செய்தி சொன்னார்.

"அந்தப் பொம்பளையை உள்ள விடாதீங்க. நாசவேலை பண்றவ."

"ஒரே காலையில மூணு வீடும் போச்சேம்மா..." என்று மனைவியிடம் முறையிட்டாள் அவள்.

மனைவி தரையைப் பார்த்தாள். தரை பளபளவென்று இருந்தது. துடைத்தவள் வாசலில் நிற்பவள்தான்.

"மெக்கானிக் வர்ற வரைக்கும் நீ நகரக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

மெக்கானிக் வந்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக டிவித் திரையில் அடித்தார்.

வெளிச்ச வட்டத்துக்குள்... மங்கலாக ஒரு முகம். வானிலைப் பெண்.

"உயிர் இருக்கு சார். படம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பின்னால எரியற லைட்டு செத்துப்போச்சு."

"தண்ணி போயி..."

மெக்கானிக் ரிமோட்டை அழுத்தினார். டார்ச்சை மெனுவின் மேல் நகர்த்தினார்.

"பேக்லைட் நூறு. இப்படி முழுசா எரியவிட்டா லைட்டு பட்டை சீக்கிரம் கருகிடும். யார் வெச்சது இதை?"

"ரிமோட்டைத் துடைக்கறப்ப இவதான் அழுத்தியிருப்பா."

மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கி, போர்வை விரித்து, டிவியைப் படுக்கவைத்துப் பிரித்தார். ஒரு மணி நேரம். தண்ணீர்த் தடம் எங்கும் இல்லை. ஒரு மெல்லிய பட்டையை உருவி நீட்டினார்.

"கடையில கேக்கணும். இதுல இருக்கற நம்பரை வாசிங்க சார்."

இன்ஸ்பெக்டர் பட்டையை வாங்கி, கையை நீட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுவந்தார். தொண்டையைச் செருமினார்.

"எட்டு... பூஜ்யம்..."

"சார், அது கருகின இடம். நம்பர் பின்பக்கம் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"ஏங்க..." மனைவி மெதுவாகக் கேட்டாள். "வெளிச்சத்தை ஏத்தி வெச்சது நீங்கதானே?"

இன்ஸ்பெக்டரின் காது மடல்கள் சிவந்தன.

"படம் மங்கலா தெரிஞ்சுது. டிவி கோளாறுன்னு நெனச்சேன்."

"கண்ணாடி போட்டா என்னவாம்?"

"டிபார்ட்மெண்ட்ல என் கண்ணுக்குன்னு ஒரு பேர் இருந்துச்சு..."

வாக்கியத்தை முடிக்காமல் வாசற்கதவு வரை நடந்தார். அங்கே நின்றவளின் முகத்தைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்துப் பேசினார்.

"தப்பு என்மேலதான்மா. நாளைக்கு வந்துடு."

"அந்த ரெண்டு வீட்டுக்கு யாருங்கய்யா சொல்றது?"

மனைவி மறுபடி நம்பர் போட்டுக் கொடுத்தாள். "நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். இரண்டாவது வீட்டுக்கும் அதையே சொன்னார். குரல் பாதியாகியிருந்தது.

மெக்கானிக் திருகாணிகளைப் பொறுக்கியபடி கேட்டார். "பார்வை எத்தனை வருஷமா சார் இப்படி?"

"ஏழு வருஷம் இருக்கும்."

மனைவியின் விரல்கள் கணக்குப் போட்டன. நின்றன.

"நீங்க ரிட்டயர் ஆகி நாலு வருஷம்தானேங்க ஆச்சு?"

இன்ஸ்பெக்டர் சோபாவில் உட்கார்ந்தார்... விழுந்தார் என்றும் சொல்லலாம். சர்வீஸின் கடைசி மூன்று வருடம். கோர்ட்டில் கூண்டேறி, "இவர்தான்" என்று அவர் கை நீட்டிய பதினோரு பேர். பதினோரு முகங்களையும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். எல்லாம் மங்கலாகவே வந்தன. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

வாசற்கதவருகே நின்றவள் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

"நல்ல வேளைங்கய்யா... நீங்க ரிட்டயர் ஆனப்புறம்தான் நான் உங்ககிட்ட மாட்டினேன்."