அக்கரையில் தெரிந்த வெள்ளை

அன்று ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு ஓடியதா மார்பளவா என்று இப்போது யாருக்கும் சரியாக நினைவில்லை. பூங்கோதை அந்த ஆற்றில் இறங்கியது அன்றுதான் முதல் தடவை என்பது மட்டும் உறுதி.

நார்வேயின் வடகோடி. மரமே இல்லாத தூந்திர வெளி. செப்டம்பர் தொடக்கம். மான் மேய்க்கும் மாரெத்தின் தம்பி நீலாஸ், நானூறு துருவ மான்களுக்குக் குளிர்கால மேய்ச்சல் இடம் பார்க்க, மணி கட்டிய மான் ஒன்றுடன் அக்கரைக்குப் போய் மூன்று நாளாகியும் திரும்பவில்லை. அவன் கையில் இருந்தது தாவர ஆராய்ச்சிக்காரி பூங்கோதை போட்ட வரைபடம். மான்கள் பனியைக் கிளறித் தின்னும் வெண்பாசி அங்கே ஏராளம் என்றது அது.

அவனைத் தேடி மாரெத்தும் பூங்கோதையும் கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடந்தார்கள். மேடேறியதும் பூங்கோதை சுற்றிப் பார்த்தாள். பாசியே இல்லை. கண்ணுக்கெட்டிய வரை ஆளுயர வில்லோ புதர். ஆண்டுக்காண்டு வெப்பம் கூட, பாசியை மூடி வளர்ந்த புதர். இலையெல்லாம் நரைத்த ரோமம். போன கோடையில் அவள் எதிர்க்கரையில் நின்று தொலைநோக்கியில் கண்ட வெள்ளை இதுதான்.

வரைபடத்துக்குச் செடிகளைக் கணக்கெடுக்க, மரச் சட்டத்தைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, நூறு இடத்தில் ஊசி இறக்கி, முனை தொடும் செடியை எழுதுவதுதான் முறை. அந்தக் கோடையில் ஆறு பெருகியிருந்தது, கொசு மொய்த்தது. அவள் கடக்காமலே, பாசி நூற்றுக்கு எழுபத்தொன்று என்று எழுதிவிட்டாள்.

மாரெத் புதரைப் பார்த்தாள், பிறகு பூங்கோதையின் முகத்தைப் பார்த்தாள். கிளைகள் முகத்தில் அறைய, நீலாஸைக் கூப்பிட்டபடியே இருவரும் உள்ளே நுழைந்தார்கள். நண்பகலில் மணிச் சத்தம் கேட்டது. மானின் கயிறு புதரில் சிக்கியிருந்தது. பக்கத்திலேயே, வேர் இடறிக் கணுக்கால் முறிந்து, உதடு நீலம் பாய்ந்து நீலாஸ் கிடந்தான். உயிர் இருந்தது.

பூங்கோதை அவன் முன் மண்டியிட்டாள்.

"நான் இந்த ஆற்றைத் தாண்டவே இல்லை, நீலாஸ். அங்கே நின்று பார்த்தே எழுதிவிட்டேன்."

மான் இலையைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்போது தின்கிறது. பனி விழுந்தால் இது வெறும் குச்சி," என்றான் நீலாஸ். "அப்போது உன் தாளைத் தின்னச் சொல்லவா?"

மாரெத் பூங்கோதையிடம் திரும்பினாள். "எழுந்திரு. அவன் தோளைப் பிடி."

இருவரும் தூக்கி வந்தார்கள்.

நீலாஸின் கால் கூடியது, லேசாக நொண்டுகிறான். மந்தையை ஏற்கெனவே நெரிசலான தெற்கு மேய்ச்சலுக்கு ஓட்டினார்கள். முப்பது கன்றுகள் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு கோடையும் பூங்கோதை ஆற்றைக் கடந்து கணக்கெடுக்க, மாரெத் கரையில் கயிறு பிடிக்கிறாள், அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. புதிய வரைபடத்தில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கிறது. பழைய எண் எப்படி வந்தது என்பதையும் பூங்கோதை அதன் கீழே தன் பெயருடன் எழுதியிருக்கிறாள்.