சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டிய வீடு

பொம்மை வீட்டின் வாசல் கதவு மறுபடியும் திறந்திருந்தது.

இரண்டு விரல் நகங்களைச் சேர்த்து வைத்த அளவுதான் அந்தக் கதவு. காலையில் ஜெயந்திரன் அதை மூடிவிட்டுத்தான் காப்பி கலக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால், பழுப்பு நிறப் பிளாஸ்டிக் கதவு உள்பக்கமாகச் சாய்ந்து, யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பதுபோல் நின்றது. பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாவது மாடி. மோனோரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். பழியை அதன்மேல் போட்டுவிட்டு, கதவை நகத்தால் தள்ளி மூடினான்.

பெட்டாலிங் ஜெயாவில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, அங்கே தன்னைத் தவிர எல்லாரும் முட்டாள்கள் என்பது தெளிவானதும் வெளியே வந்தவன் அவன். இப்போது பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளால் ஆர்டருக்கு மாதிரிக் கட்டடம் செய்கிறான். முதலில் கணினியில் கட்டை கட்டையாக வடிவமைப்பான். பிறகு நிஜக் கட்டையில் கட்டி, பிடிக்காமல் பிரித்து, மறுபடி கட்டுவான். ஒரு கூரையின் சரிவு சரியாக வர ஒன்பது முறை பிரித்திருக்கிறான். வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டே பெட்டியைக் கட்டிக் கொடுப்பான்.

இரண்டு வகை ஆட்களைக் கண்டால் அவனுக்கு அறவே ஆகாது. வீட்டுக்குள் குட்டிப் பொம்மை மனிதர்களை நிறுத்துகிறவன்; அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். அடுத்தது, பசை போட்டு ஒட்டுகிறவன். கட்டை கட்டையைப் பிடித்துக்கொள்வது, ஒன்றின் மேலே துருத்தும் குமிழ் இன்னொன்றின் அடித்துளையில் பொருந்துவதால். பசை கையாலாகாதவனின் வழி. இதைச் சொல்லிச் சொல்லியே சக கலைஞர்கள் நாலு பேரைப் பகைத்துக்கொண்டான். மனைவி விட்டுப் போனதற்கும் ஏறக்குறைய இதுதான் காரணம். வீட்டில் இப்போது யாரும் இல்லை. அதை அவன் நிம்மதி என்று சொல்லிக்கொள்வான்.

மேசையிலிருந்த வீடு கிள்ளானில் உள்ள ஒரு வரிசை வீட்டின் மாதிரி. அங்கே இருந்தவர் தம்புசாமி என்ற லோரி டிரைவர். அவர் இறந்த நான்காம் நாள் மகன் விமலன் கூப்பிட்டிருந்தான். வீட்டை விற்கப் போகிறோம், அம்மா நல்லம்மாள் மகனோடு போய் இருக்கப் போகிறாள், பதினாறாம் நாள் கருமாதிக்குள் மாதிரியைச் செய்து அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்றான்.

அளவெடுக்கப் போன அன்று ஜெயந்திரன் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தான். ஊதுபத்தியும் வலித் தைலமும் கலந்த வாடை. படத்துக்கு முன்னால் விளக்கும் அவருடைய தைலப் புட்டியும். முன்புறத் தாழ்வாரத்தில் இறந்தவரின் ரோத்தான் பிரம்பு நாற்காலி, யாரும் உட்காராமல். ஓடு ஒரு நிறம், நீட்டிப் போட்ட தகரம் ஒரு நிறம், கேட் இன்னொரு நிறம். ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அறை அறையாகப் படம் எடுத்தான்.

"கூரையத் தூக்கினா உள்ள எல்லாம் தெரியணும், அண்ணே," என்றான் விமலன். "அம்மா அப்பப்போ தொறந்து பாப்பாங்கல்ல."

நல்லம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உள்ள ஆள் யாரையும் வைக்காதீங்க, தம்பி."

அதில் மட்டும் அவனுக்கு உடன்பாடு இருந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினான். வாய் தானாகச் சொன்னது: "சரி, போயிட்டு வாறன்."

நல்லம்மாளின் கை விளக்குத் திரியருகே அப்படியே நின்றது. "சாவு வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாது, தம்பி. சும்மா எழுந்து போயிடணும். வரேன்னு சொன்னா வந்துதான் ஆகணும்."

அவனுக்குத் தெரியாத வழக்கமா அது? அவனுடைய யாழ்ப்பாணத்துச் சொந்தங்களும் சாவு வீட்டில் வாய் திறக்காமல்தான் கிளம்புவார்கள். ஆனால் ரயில்வே கிளார்க்கின் பேரனான தனக்கு ஒரு லோரி டிரைவர் பெண்சாதி பாடம் எடுப்பதா என்று கோபம் ஏறியது. வேண்டுமென்றே திரும்பினான். காலி நாற்காலியைப் பார்த்து, குரலை உயர்த்திச் சொன்னான்.

"ஐயா, போயிட்டு வாறன்."

விமலன் சங்கடமாகச் சிரித்தான். நல்லம்மாள் சிரிக்கவில்லை. பதில் வருமா என்று காத்திருப்பவள்போல நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதிரி வீட்டின் கதவு தானாகத் திறக்கத் தொடங்கியது, அவர் இறந்த எட்டாம் நாள். பத்தாம் நாள் காலை கேட்டுக்கு வெளியே ஒரு பொம்மை மனிதன் நின்றான்.

ஜெயந்திரன் வீட்டில் அப்படி ஒரு பொம்மை கிடையாது; அவன் வாங்குவதே இல்லை. சாம்பல் நிறக் கால், கரும்பச்சை உடம்பு, மஞ்சள் தலை. தலையில் முடி வைக்கவில்லை, மொட்டைக் குமிழ் தெரிந்தது. முகத்தில் இரண்டு புள்ளிக் கண்கள் மட்டும். மலிவுச் சரக்கு, வாயை அச்சிடக்கூட மறந்திருக்கிறார்கள் என்று இகழ்ச்சியாகச் சிரித்தான். தன் கரும்பச்சை டீ-சட்டையும் தன் வழுக்கையும் நினைவுக்கு வந்தபோது சிரிப்பு கொஞ்சம் தாமதமாக நின்றது.

வீடு துடைக்க வரும் தாமரையின் வேலைதான் இது என்று முடிவு கட்டினான். அவள் மறுத்தாள். "அந்த வீட்டுப் பக்கமே நான் போகல சார். அது கிட்ட போனா தைல வாசன வருது." பிளாஸ்டிக்குக்கு ஏது வாசனை என்று கத்தி, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். அவள் போன பிறகு வீட்டில் அவனும் மேசைமேல் இருந்த வீடும்தான். குனிந்து முகர்ந்து பார்த்தான். தைலம்.

பொம்மையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான். பக்கத்து அறைக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தபோது முன்னறையில் சத்தம் கேட்டது. டக். ஒரு குமிழ் ஒரு துளைக்குள் இறங்கும் சத்தம். வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம். கையோ விரலோ அழுத்தாமல் கேட்கவே முடியாத சத்தம். எழுந்து போகச் சிறிது நேரம் ஆனது. பொம்மை மனிதன் கேட்டுக்கு உள்ளே நின்றான்.

கேட்டிலிருந்து வாசல் கதவு வரை பன்னிரண்டு குமிழ். அவனே வடிவமைத்தது. அன்று மாலை எட்டு மிச்சம் இருந்தது. மறுநாள் ஐந்து. பிடுங்கினாலும் வந்தது, டப்பாவில் பூட்டினாலும் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் நகராது. கண்ணைத் திருப்பினால், டக்.

பதிமூன்றாம் நாள் நல்லம்மாள் கைப்பேசியில் கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது. மூன்று நாளாகக் கேட் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது, நேற்று வாசல் கதவை நெருங்கிவிட்டது, பச்சைச் சட்டை, வழுக்கைத் தலை, முகம்தான் சரியாகத் தெரியவில்லை என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒரு தடவ நீங்களே வந்து அவர் நாற்காலி பக்கத்துல உக்காந்துட்டு, ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிடுங்க. சரியாயிடும். அது வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள வந்துடுங்க," என்றாள்.

போய்விடலாம் என்று ஜெயந்திரனுக்குத் தோன்றியது. கிள்ளான் என்ன தூரமா, ஒரு மணி நேரம். போய் உட்கார்ந்தால், அந்த அம்மாள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். விமலன் பார்ப்பான். நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பான்.

"எனக்கு வேலை இருக்கு, ஆன்டி," என்றான். "வீட்டை உங்க மகன் வந்து எடுத்துக்கட்டும்."

அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

பதினைந்தாம் நாள். விமலன் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். மூன்று மணிக்கே வானம் கறுத்து, ஜன்னலில் மழை சாய்ந்து அடித்தது. பொம்மை மனிதனுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு குமிழ்தான் மிச்சம். கதவு திறந்திருந்தது. ஜெயந்திரன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து கண் சிமிட்டாமல் பார்த்தான். கண் எரிந்தது. தண்ணீர் வழிந்தது. விமலன் வந்ததும் அவன் காரிலேயே ஏறிக் கிள்ளானுக்குப் போய்விடுவோமா என்று மறுபடி நினைத்தான். என்ன சொல்லி ஏறுவது? பயமாக இருக்கிறது என்றா?

எழுந்தான். பொம்மையைப் பிடுங்கி, தலை வேறு உடம்பு வேறாக்கி, ஜன்னலைத் திறந்து மழையில் வீசினான். பிறகு மேசை இழுப்பறையின் அடியில், கைப்பிடி உடைந்த குவளையை ஒட்ட என்றோ வாங்கிவைத்திருந்த பசைக் குழாயைத் தேடி எடுத்தான். வெட்கமாக இருந்தது. கதவின் நாலு ஓரத்திலும் பசையைப் பிதுக்கி, மூடி, அழுத்திப் பிடித்தான். நூறு எண்ணினான். தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"இப்ப வா பாப்பம்," என்றான்.

இடி விழுந்தது. மின்சாரம் போனது.

இருட்டில் முதலில் தெரிந்தது பசை நாற்றம். அதற்கு அடியில் தைலம். விரலில் பசை காய்ந்து தோலை இழுத்தது. கழுவலாம் என்று குளியலறைப் பக்கம் நடந்தான். காலில் ஏதோ குத்தியது. கட்டை சிந்தியிருக்கும் என்று அடுத்த அடி வைத்தான். அங்கும் குத்தியது. அடுத்த அடியிலும். வரிசையாக, சம தூரத்தில், வட்ட வட்டமாக. தரை முழுவதும் குமிழ்.

நின்றான்.

குளியலறை இருக்க வேண்டிய இடத்தில் சுவர். சுவரைத் தடவினான். வழவழப்பு. வரிக்கு வரி ஒரே அளவு. அவனுக்குத் தெரிந்த அளவு. இடது பக்கம் ஜன்னல், ஐந்து சட்டம். அதை அவன் மூன்று முறை பிரித்துக் கட்டியிருக்கிறான். வலது பக்கம் கதவு இருக்கும்.

இருந்தது. தள்ளினான். தோளால் இடித்தான். நாலு ஓரத்திலும் பிதுங்கி இறுகியிருந்தது பசை. நன்றாகத்தான் ஒட்டியிருந்தான்.

கதவுக்கு அந்தப்பக்கம், தாழ்வாரத்தில், ரோத்தான் நாற்காலி கிறீச்சென்றது. பிளாஸ்டிக் நாற்காலி. அவனே பதினொரு துண்டில் கட்டியது. கிறீச்சிட வழியே இல்லை. யாரோ எழுந்துகொண்டார்கள்.

அப்போது வானம் முழுவதிலிருந்தும் விமலனின் குரல் வந்தது. "அண்ணே? ஒங்க வீட்டுக் கதவு தொறந்து கெடக்கு, ஆளக் காணோம். சொல்லிட்டுப் போலாம்னு பாத்தேன்." தரை சாய்ந்தது. சுவர் சாய்ந்தது. ஜெயந்திரன் மூலையில் போய் விழுந்தான். கையை ஊன்றினான். விரல்கள் பிரியவில்லை. கொக்கி மாதிரி வளைந்து ஒரே துண்டாக இருந்தது கை.

எவ்வளவு நேரம் ஆட்டம் நீடித்ததோ தெரியாது. நின்றது. ஊதுபத்தி வாசம். பிறகு கூரை பெயர்ந்தது.

வெளிச்சம். நல்லம்மாளின் முகம், மேலே, வீட்டை விடப் பெரிதாக. அவள் ஒவ்வோர் அறையாகப் பார்த்து வந்தாள். கதவருகே வந்ததும் கண் நின்றது.

"ஆள் வைக்க வேணாம்னு சொன்னேனே," என்றாள்.

"அண்ணன்தான் வச்சிருப்பாரு," என்றான் விமலன், எங்கோ தள்ளி. "பாருங்க, வாய்கூட இல்ல."

ஜெயந்திரன் கத்தினான். உள்ளுக்குள் முழு பலத்தோடு கத்தினான். அம்மா என்றான், மன்னிச்சிடுங்க என்றான், எடுத்து விடுங்க என்றான். ஒன்றும் வெளியே வரவில்லை. வர வழியில்லை.

அது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்தது. ஒரு விரலைக் கொண்டுவந்து அவனைத் தொட்டுப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். கால் தரைக் குமிழில் இறுகியிருந்தது, வரவில்லை. அவனுக்குப் பின்னால், பசை போட்ட கதவு ஓசையில்லாமல் உள்பக்கம் சாய்ந்தது. தைல வாடை கழுத்தருகே வந்து நின்றது. அவள் பார்வை அவன் தோளுக்கு மேலே போய், அங்கே யாரையோ கண்டு, தாழ்ந்தது.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. நல்லம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் கூரையைத் தூக்கி வைத்து அழுத்தினாள்.

டக்.