சேர்வியெட் கேட்ட விருந்தாளி

செவ்வாய்க்கிழமை காலை 8.10. பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஆங்கிலேய வீட்டுக்காரி, எல்லாருக்கும் 'சின்யோரா', தன் மரப்பெட்டியைத் திறந்தாள். மீனவர் அணியும், நூறு வருடம் தாண்டிய சுவெட்டர் ஒன்று அதற்குள் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இறுகுமளவுக்குச் சுருங்கிய ஒரு கருநீலக் கம்பளி கிடந்தது. கொதிநீரில் போட்டு அவித்தெடுத்த கோலம்.

8.12. சின்யோரா போட்ட சத்தம் கீழ்மாடிக்குக் கேட்டது.

கீழ்மாடியில் வேலை செய்பவள் கனகேஸ்வரி. ஐம்பத்திரண்டு வயது, பலெர்மோவில் பத்தொன்பது வருடம். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பின்னல் பழகியவள். போன நத்தார்ப் பண்டிகைக்கு மேல்வீட்டில் உதவிக்கு நின்றபோது அந்தச் சுவெட்டரைப் பார்த்தாள். குழாய் போலச் சுற்றிச் சுற்றிப் பின்னி, தோளிலேயே பின்னல் கண்ணிகளை எடுத்துக் கையை இறக்கியிருந்த வேலையைக் கண்டு, கையிலிருந்த தேநீர் ஆறும்வரை நின்றுவிட்டாள். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று புருஷன் கோபாலசிங்கம் சொல்லாத நாளில்லை. அந்த மூக்கு இதுவரை இரண்டு களவுகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

8.20. மேல்வீட்டு வேலைக்காரி துசானி படியிறங்கி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, நான் அதைத் தொடவே இல்லை. மெஷினிலை போட்டுப் பழுதாக்கிப் போட்டனெண்டு சொல்லுறா. இண்டையோடை வேலையாலை நிப்பாட்டுறாவாம்."

"வியாழக்கிழமைதானே உனக்கு குவெஸ்தூராவிலை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நாள்?"

"ஓம். அவவின்ரை வேலைக் கடிதம் இல்லாமல் அங்கை போய் என்ன செய்யிறது?"

கடிதம் இல்லாவிட்டால் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வதிவிட அனுமதிச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாவிட்டால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

"அந்தச் சுவெட்டரைப் பற்றி எப்பவாவது கதைச்சனியோ?"

"போன கிழமை, தூசி மணக்குது, கழுவட்டோ எண்டு கேட்டனான். அவ்வளவுதான்."

"அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. கண்ணைத் துடை பிள்ளை. மேலை போவம்."

8.30. ஏப்ரல் வெயில் அதற்குள் மேல்வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் புழுக்கம். சோபாவில் சின்யோராவும், அவளுக்குப் பக்கத்தில் லண்டனிலிருந்து வந்த விருந்தாளி அகஸ்ரினும் இருந்தார்கள். பழம்பொருள் சேகரிப்பவர். பெப்ரவரியிலும் வந்து சுவெட்டரைப் படம் பிடித்துப் போனவர். தடித்த கம்பளிக் கோட்டுக்குப் பொத்தானெல்லாம் பூட்டி, கழுத்தில் பட்டுச் சால்வை சுற்றி, நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கு அவருக்கு டாக்ஸி.

கனகேஸ்வரி இத்தாலியனில் கேட்டாள். "கடைசியாக எப்போது நல்லபடி பார்த்தீர்கள், சின்யோரா?"

"நேற்று ஐந்து மணிக்கு. இரண்டு விருந்தாளிகளுக்கும் நானே காட்டி, நானே மூடினேன். ஏழு மணிக்குத் துசானி போனாள். பிறகு பெட்டியிருக்கும் அறைக் கதவைப் பூட்டித் திறப்பை நான்தான் வைத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் இவள் கழுவியிருக்கிறாள்."

"இரண்டாவது விருந்தாளி எங்கே?"

சின்யோராவின் உதடு கோணிற்று. "மொனிகாவா? விடிந்ததும் சந்தைக்கென்று பையோடு போனாள். இவள் இல்லையென்றால் அவள்தான். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? சேர்வியெட்."

துசானி கனகேஸ்வரியின் காதுக்குள் விளக்கினாள். வாய் துடைக்கும் துணியைப் பெரிய குடும்பத்து ஆங்கிலேயர் நாப்கின் என்பார்களாம். சேர்வியெட் என்றால் ஆள் கீழே. காதில் விழாததை 'என்ன?' என்று கேட்டால் மேட்டுக்குடி, 'பார்டன்' என்றால் கடைக்காரக் குடும்பம். பெட்டியிலிருப்பதைச் சின்யோரா ஜெர்சி என்பாள். யோர்க்‌ஷயர் கரையில் மீன் பொரித்து விற்கும் மொனிகா அதைக் கான்சி என்றாள். தன் பாட்டியின் தாயான பூட்டி பின்னியதை ஒருதரம் கண்ணால் பார்க்கத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். அகஸ்ரின் எல்லாச் சொல்லும் சரியாகச் சொன்னாராம்.

கனகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. 'வாங்கோ' யாருக்கு, 'வாரும்' யாருக்கு, வெறும் 'வா' யாருக்கு என்று வாசல் படலையடியிலேயே ஆளை நிறுத்தி நிறுக்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இதெல்லாம் பாலர் வகுப்புப் பாடம்.

"அந்த அவலத்தைக் குப்பையில் போடச் சொல்லுங்கள்," என்றார் அகஸ்ரின், நல்ல இத்தாலியனில். "பார்க்கவே மனம் பதைக்கிறது. சந்தேகமென்றால் என் பெட்டியைச் சோதித்துக்கொள்ளுங்கள்."

"பிறகு பார்க்கலாம், சின்யோர். முதலில் இதைத் தொட்டுப் பார்க்கிறேன்."

8.45. கனகேஸ்வரி கம்பளியைக் கையில் எடுத்தாள். அக்குளுக்குள் விரலை விட்டாள். விளிம்பை மடித்துக் கன்னத்தில் வைத்தாள். உட்பக்கத்தை வெளியே புரட்டினாள். பல்கனிக்குப் போய்த் துணிக்கொடியைப் பார்த்துவிட்டு வந்தாள். கோபத்தில் இதைத் திரும்பியும் பார்க்காத சின்யோராவின் மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"துசானி, இந்த வீட்டிலை உலர்த்துற மெஷின் இருக்கோ?"

"இல்லை அக்கா. எல்லாம் கொடியிலைதான்."

"இவ்வளவு தடிச்ச கம்பளி காய எவ்வளவு நேரம் செல்லும்?"

"ரெண்டு நாள் எண்டாலும் செல்லும்."

கனகேஸ்வரி சின்யோராவின் மடியில் அதை வைத்தாள். "நேற்று மாலை கழுவியது இன்று காலையில் எண்ணெய் காணாத அப்பளம் போல உலர்ந்திருக்கிறது. உள் அக்குளில்கூட ஈரமில்லை. இது நேற்றுக் கழுவியதே அல்ல. எங்கேயோ, எப்போதோ அவித்துக் காயவைத்து, இந்த வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது."

சின்யோரா மெல்ல அதைத் தடவினாள்.

"விலாவில் விரலை வையுங்கள். தடிப்பாக ஒரு கோடு ஓடுகிறதா? துண்டு துண்டாகப் பின்னிப் பிறகு சேர்த்துத் தைத்த தையல் அது. தோளிலும் இருக்கிறது. எவ்வளவு சுருக்கினாலும் தையல் மறையாது. உங்கள் சுவெட்டரில் தையலே கிடையாது."

"அப்படியென்றால் என்னுடையது?"

"வேலைக்காரி பழுதாக்கினாள் என்றால் யாரும் களவென்று தேடமாட்டார்கள். குப்பையில் போட்டுவிட்டு அவளை அனுப்பிவிடுவீர்கள். அதற்குத்தான் இந்த ஏற்பாடு."

"மொனிகா," என்றாள் சின்யோரா. "பையோடு போனாளே."

"மொனிகாவின் பூட்டி பின்னியது, சின்யோரா. அவர்கள் வீட்டில் தையல் போட்ட ஒன்றை மீனவன் சுவெட்டர் என்று யாரும் கொண்டு வரமாட்டார்கள். இது அதன் பெயர் தெரிந்து, பின்னல் தெரியாத ஆளுடைய வேலை. மொனிகா திரும்பி வந்து ஒருதரம் தொட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். அதனால்தான் அவசரமாகக் குப்பையில் போடச் சொன்னார்." அவள் அகஸ்ரின் பக்கம் திரும்பினாள். "பெட்டியைச் சோதிக்கச் சொன்னீர்கள், சின்யோர். கோட்டைச் சோதிக்கச் சொல்லவில்லை. இந்தப் புழுக்கத்தில் ஏன் பூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? கழற்றுங்கள்."

அகஸ்ரின் எழுந்தார். வாசலை மறித்துத் துசானி நின்றாள். உயரம் ஐந்தடிதான், ஆனால் நகரவில்லை.

9.02. கோட்டுப் பொத்தான்கள் கழன்றன. உள்ளே, கழுத்துவரை கருநீலம். நூறு வருடப் பின்னல், ஒரு தையல் இல்லாமல்.

9.10. ஆர்ட்டிசோக் நிறைந்த பையோடு மொனிகா உள்ளே வந்தாள். நாற்காலிச் சாய்மானத்தில் கிடந்த சுவெட்டரின் கையைத் தன் முழங்கையோடு வைத்துப் பார்த்தாள். வலை இழுக்கையில் நனையாமலிருக்க மணிக்கட்டுக்கு மேலேயே முடித்துவிடுவார்கள் என்றாள். கோட்டுக்கு வெளியே அது எட்டிப் பார்க்காததன் காரணம் கனகேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஒன்பதரைக்கு டாக்ஸி வந்தது. வெறுமனே திரும்பிப் போனது. அகஸ்ரினைப் பொலிஸ் வண்டி ஏற்றிப் போயிற்று.

10.15. சின்யோரா மேசையில் உட்கார்ந்து வேலைக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் துசானியிடம் நீட்டினாள். "அவன் நாப்கின் என்றான், நம்பிவிட்டேன். உன்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மன்னித்துவிடு." துசானி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு விம்மி விம்மி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"இரு," என்று துசானியைக் கதிரையில் இருத்திவிட்டுச் சின்யோரா தானே குசினிக்குள் போனாள். தேநீர்த் தட்டோடு வந்தாள். மூன்று பெண்களுக்கும் முன்னால் வெள்ளைத் துணியை ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசித் துணியைத் துசானியிடம் கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கினாள்.

"இந்தா," என்றாள், மொனிகாவுக்கும் கேட்கும்படி. "சேர்வியெட். கண்ணைத் துடை."